நகப்பூச்சுக் கோடு

வாரக்கூண்டா, தென் ஆஸ்திரேலியா
12 மார்ச் 1996

தம்பி லேன்ஸுக்கு,

அண்ணன் மெர்வ் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஹில்டா ஸ்பார்கோ எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ எப்படி? குவீன்ஸ்லாந்து வெயில் உன் பொண்டாட்டி நோலீனுக்கு ஒத்துக்கொண்டதா?

நீ அனுப்பிய போட்டோ வந்தது. பார்த்தேன். வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஹில்டாம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நாப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தவ நான். துப்பினதையெல்லாம் எழுதிக் குடுத்ததில்ல" என்றாள். "எழுதும்மா, இந்தக் கடுதாசியில விஷயமே அதுதான்" என்றேன்.

என்னடா அந்தச் சிவப்பு? அறுத்துப் போட்ட ஆட்டு ஈரல் மாதிரி! என் கம்பளிக் கொட்டகையில் நாம் இரண்டு பேரும் வருஷக்கணக்காகக் கட்டிய விமானமா அது? பூச்சே இல்லாத அலுமினியத் தகடாக, வெயிலில் வைத்தால் கண் கூசுமே. இப்போது அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி நிற்கிறது.

விமானம் கட்டுகிற புத்தகத்தை நீ வாசித்தாய், நான் ரிவெட் ஆணி அடித்தேன். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பதில் முயல் பிடிக்க அனுப்பினார். நீ பிறப்பதற்குள் அவருக்குப் புத்தி வந்திருந்தது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் நீ வாசித்ததில் ஒரு வரிகூட என் மண்டையை விட்டுப் போகவில்லை. பெயிண்ட் அத்தியாயம் வந்தபோது நீ சொன்னதும் போகவில்லை. "நாம பெயிண்டே அடிக்கப்போறதில்லண்ணே, இதத் தள்ளு" என்றாய். தள்ளினோம். அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரியாதது அந்த ஓர் அத்தியாயம்தான். இப்போது பெயிண்ட் அடித்திருக்கிறாய். அதை எடுத்து வாசித்தாயா?

இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசைகிற மடல்கள் இரண்டுக்கும் முன்னோர மூக்கில் ஈயம் உருக்கி ஊற்றியவன் நான். கீலில் தொங்கவிட்டால் தராசு மாதிரி நின்றது. பின்னோரத்தில் ஒரு காசை வைத்தோம், சாய்ந்துவிட்டது. ஒரு காசுக்கு, லேன்ஸ்! இப்போது ரிவெட் தலை தெரியாமல் பட்டி பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறாயே, அதெல்லாம் எத்தனை காசு கனம்? கழற்றி நிறை பார்த்தாயா? பின்பக்கம் கனத்தால், வேகம் கூடும்போது அது தானாக அடித்துக்கொள்ளும். இறக்கையையும் சேர்த்து அடிக்கும்.

பெரிய மோட்டார் வேறு வைத்திருக்கிறாய். மூக்கு கனத்திருக்குமே, வாலில் என்ன வைத்தாய்?

பதிலைக் கடுதாசியில் போடு. போனில் என்றால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய்.

உன் அண்ணன் மெர்வ்
(கையெழுத்துக்குப் பதில் அவருடைய பெருக்கல் குறி. — ஹி.)


பிண்டல்பா, குவீன்ஸ்லாந்து
9 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நல்லபடி இருக்கிறோம். உன் முழங்காலுக்கு ஈமு எண்ணெய் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன், சுடவைத்துத் தேய். ஹில்டாவுக்கு என் வணக்கம். துப்பியதை எழுதியதற்குக் கோபமில்லை என்று சொல்.

உனக்கு நிறம் பிடிக்கவில்லை. சரி, நீ பழைய ஆள். இங்கே பறக்கும் கிளப்பில் என் விமான அழகியை வெளியே தள்ளி நிறுத்தினால், பீர் குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வருகிறான். எங்கள் கிளப்பின் ரெக்ஸ் ஹன்னிகன்தான் பட்டி பூசினான். கார் பட்டறை வைத்திருக்கிறவன், கை வழவழவென்று ஓடும். முன்பு நூற்று நாற்பது நாட் வேகம் போனவள் இப்போது நூற்று எழுபதைத் தொடுகிறாள். செப்டம்பரில் கிளப் கோப்பைப் பந்தயம். கோப்பையை வைக்க அலமாரியில் இடம் ஒழித்தாகிவிட்டது.

மூக்கு கனத்தது உண்மைதான். வாலில் என்ன வைத்தாய் என்று கேட்டாயே, நோலீனை வைத்தேன்! பின் இருக்கையில் அவள் உட்கார்ந்தால் எல்லாம் சமமாக நிற்கிறது. மணல் மூட்டை பேசாது, இவள் பேசுகிறாள், அந்த ஒரு குறைதான். கம்பளி நிறுக்கிற தராசில் வாராவாரம் ஏற்றி இறக்குகிறேன். கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. போன வாரம் கூடியிருந்தாள், புட்டிங்கை நிறுத்திவிட்டேன். சமன்பாரத்துக்கு வைக்கிற மூட்டை என்று ரெக்ஸ் அவளை "பாலஸ்ட் அம்மா" என்று கூப்பிடுகிறான். கிளப்பே சிரிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி லேன்ஸ்


வாரக்கூண்டா
20 ஏப்ரல் 1996

லேன்ஸுக்கு,

எண்ணெய் வந்தது. நாற்றம் தாங்காமல் நாய் வீட்டை விட்டுப் போய்விட்டது. கால் அப்படியே இருக்கிறது. உங்கள் இருவர் உடம்பும் நன்றாயிருக்கட்டும்.

ஹில்டாம்மா உன் கடிதத்தில் நோலீன் பற்றிய இடத்தை வாசித்துவிட்டு, எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். பொண்டாட்டியைத் தராசில் ஏற்றுகிறவனை நான் இதுவரை கண்டதில்லை. சந்தையில் ஆட்டை ஏற்றுகிறவன்கூட அதன் முதுகைத் தடவிவிட்டுத்தான் ஏற்றுவான்.

மோட்டார் மாற்றிய வண்டியில், பறந்து பார்த்து முடிக்கும்வரை ஓட்டுகிறவனைத் தவிர ஓர் ஆள் ஏறக்கூடாது. இதை நீயே வாசித்தாய். வாசிக்கும்போது வாயில் கறியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி இருந்தது, "கூடாது" என்ற இடத்தில் உருளைக்கிழங்கு என்மேல் தெறித்தது. கனம் வேண்டுமென்றால் பேட்டரியை வாலுக்குக் கொண்டுபோ. போதாவிட்டால் ஈயக் கட்டியை வாலில் போல்ட் போட்டு முடுக்கு. உயிருள்ளதை வைக்காதே.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வேகம் பிடிக்கும். ஆனால் பெரிய மோட்டார் ஏறும்போதுதான் சுகம், நேராகப் போகையில் பெட்ரோலைக் குடித்துவிட்டுக் கொஞ்சம்தான் கொடுக்கும். காற்று எங்கே பிடித்து இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரக் காலுக்கு ஒழுங்காக உறை போட்டாயா? மோட்டாருக்குக் காற்று போகிற மூக்குத் துளை பன்றி மூக்கு மாதிரி அகலமாக இருந்ததே, அதைச் சுருக்கினாயா? இறக்கையும் உடம்பும் சேர்கிற சந்தில் விரல் போகும், அதை அடைத்தாயா? இதெல்லாம் செய்தால் பழைய மோட்டாரிலேயே வேகம் வந்திருக்கும், ஒருத்தரும் உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டியிருக்காது. ஆனால் கிளப்பில் எவனும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து சக்கரக் கால் உறையைப் பார்க்கமாட்டான், இல்லையா?

போன கடிதத்தில் கேட்டேன், பதிலுக்கு எண்ணெய் வந்தது. மறுபடி கேட்கிறேன். மடலைக் கழற்றி நிறை பார்த்தாயா?

அண்ணன் மெர்வ்


பிண்டல்பா
28 மே 1996

அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கணும். சோளம் அறுவடை. உடம்பெல்லாம் நலம்தானே? இங்கே நோலீனுக்குக் கொஞ்சம் தலைசுற்றல், ஒன்றுமில்லை, சாப்பாட்டைக் குறைத்ததால்.

புத்தகம் புத்தகம் என்கிறாய். நீதான் நடமாடும் புத்தகம் ஆயிற்றே, நீயே சொல்லேன், பெயிண்ட் அடித்தால் மடலைக் கழற்ற வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? உனக்குத் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு இவ்வளவு சத்தம். ரெக்ஸ் எத்தனையோ காருக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறான், ஒரு கதவும் கழன்று விழவில்லை.

வேகத்தில் கைப்பிடி லேசாகக் கிறுகிறுக்கிறது, தேனீயைக் கையில் பொத்திப் பிடித்த மாதிரி. புது மோட்டார் பழகும்வரை அப்படித்தான் என்கிறான் ரெக்ஸ்.

இன்னொன்று கேள், சிரிப்பாய். வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, இதைத் தாண்டாதே என்று. அது பழைய மோட்டாருக்குப் போட்டது. ரெக்ஸ் நோலீனின் கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துக் கண்ணாடிமேல் புதுக் கோடு போட்டுவிட்டான், கொஞ்சம் தள்ளி. "பவள விடியல்" என்று அந்த நிறத்துக்குப் பெயராம். வண்டியின் நிறத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

பந்தயத்துக்கு நீ வரவேண்டும். ரயில் டிக்கெட் நான் அனுப்புகிறேன்.

லேன்ஸ்


வாரக்கூண்டா
6 ஜூன் 1996

லேன்ஸ்,

நோலீன் தலைசுற்றல் தீரட்டும், முதலில் அவளுக்குச் சோறு போடு. என் உடம்பைப் பற்றி நீ கேட்க வேண்டாம்.

(இங்கே மெர்வ் சொன்ன மூன்று சொற்களை நான் எழுதவில்லை. இரண்டு எனக்கு முன்பே தெரியும். — ஹி.)

சிவப்புக் கோடு மோட்டாருக்குப் போட்டதில்லையடா. அது இறக்கைக்கும் வாலுக்கும் போட்டது. அந்த வேகம்வரைதான் அவை தாங்கும் என்று வரைந்தவன் கணக்குப் போட்டுச் சொன்ன கோடு. மோட்டாரைப் பத்து தடவை மாற்று, கோடு அதே இடத்தில்தான் இருக்கும். காய்ச்சல் அளக்கிற கண்ணாடிக்குழாயில் கோட்டை மேலே தள்ளிப் போட்டுவிட்டு எனக்குக் காய்ச்சலே இல்லை என்பவனும் நீயும் ஒன்று.

கிறுகிறுப்பு மோட்டாரில் இல்லை. ஐம்பத்தேழில் நான் உரம் தூவுகிற விமானங்களுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஏர்ல் டிங்கிள் என்று ஒரு பைலட். அவன் விமானத்தின் வால் மடலில் துணி கிழியக் கிழிய ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டு, மேலே பசை பூசிக்கொண்டே வந்தார்கள். பசை கனம்தானே? அவனும் ஒரு நாள் காலையில், "மெர்வ், கைப்பிடி கிறுகிறுங்குது, மோட்டார் மவுண்டப் பாக்கணும்" என்றான். மத்தியானம் வாலை ஒரு வயலில் பொறுக்கினோம், மீதியை அடுத்த வயலில். அவன் சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல் புல்லில் கிடந்தது. முதலாளி அதை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்த ஆட்டிறைச்சி சாண்ட்விச்சை நின்றபடியே தின்றான். "வீணாப் போகுதே"ன்னான். விரலில் ஒட்டியதை நக்கினான்.

இன்றைக்கும் ஆட்டிறைச்சி சாண்ட்விச் என்றால் எனக்குக் குமட்டும். நீ ஒரு தடவை, "ஏண்ணே திங்கமாட்டேங்கிற?" என்று கேட்டாய். இதுதான் காரணம்.

விமானத்தை நிறுத்து. புத்தகத்தைத் திற. அந்த அத்தியாயத்தை வாசி. டிக்கெட் அனுப்பாதே, நான் வரமாட்டேன்.

மெர்வ்


வாரக்கூண்டா
1 ஜூலை 1996

(தபால் அட்டை)

லேன்ஸ், நலமா? பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாயா, இல்லை கோபமா? கோபம் என்றால் நல்லது, ஒரு வார்த்தை போடு. போன் அடித்தால் எடுத்து வைத்துவிடுகிறாய், மூச்சுச் சத்தம் கேட்கிறது. — மெர்வ்


வாரக்கூண்டா
10 ஜூலை 1996

அன்பு நோலீனுக்கு,

மெர்வ் அத்தான் சொல்லி ஹில்டா எழுதுவது. உன் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? நான் நலமாகவே இருக்கிறேன். உனக்கு இதுவரை நான் தனியாகக் கடிதம் போட்டதில்லை. ஹில்டாம்மாதான், "கேக்காத காதுல ஏன் ஓதறீங்க மெர்வ், உக்காரப்போறது அவதானே, அவகிட்டச் சொல்லுங்க" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

உன்னிடம் ஒரு வேலை. லேன்ஸ் கிளப்புக்குப் போனபிறகு செய். வலது இறக்கையின் பின்னோரத்தில் அசைகிற மடலுக்கு உள்பக்கத்திலிருந்து ஒரு தடி வந்து பிடித்திருக்கும். அந்த போல்ட் ஒன்றே ஒன்று, ஊசிப்பின்னை உருவிவிட்டுச் சின்ன ஸ்பானரால் கழற்றலாம். கழற்றினால் மடல் கீலில் சும்மா ஊசலாடும். விரலால் ஒரு தடவை தட்டிவிடு. நேராக நின்றாலோ அதன் முன்னோரம் கொஞ்சம் தாழ்ந்தாலோ நான் பொய்க்கிழவன், லேன்ஸிடம் மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி போடுகிறேன். பின்னோரம் கீழே விழுந்தால் நீ அந்த விமானத்தில் ஏறாதே. அவன் கெஞ்சினாலும், கிளப்பே வந்து நின்றாலும்.

பார்த்தபிறகு போல்ட்டை மறுபடி போட்டுப் பின்னைக் குத்த மறக்காதே. அவன் என்ன செய்தாலும் என் தம்பி.

அத்தான் மெர்வ்


பிண்டல்பா
25 ஜூலை 1996

மெர்வ் அத்தானுக்கு,

நோலீன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் தேவலையா? நாய் திரும்பி வந்ததா? ஹில்டாவுக்கு என் அன்பு. எனக்குத் தலைசுற்றல் இல்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். போல்ட் கழன்றதும் மடலை விட்டேன். செத்த கோழியின் இறக்கை மாதிரி தொப்பென்று கீழே தொங்கியது. தட்டிவிட்டேன், மறுபடி தொப்பென்று விழுந்தது. அடியில் கையைக் கொடுத்துத் தாங்கினேன். எவ்வளவு கனம் தெரியுமா! அந்தச் சிவப்பைத் தொட்ட கையை டீசல் போட்டுக் கழுவினேன்.

ஆறு தடவை நான் அதில் ஏறியிருக்கிறேன், அத்தான். ஒவ்வொரு தடவையும் முதலில் தராசு. கம்பளி வாசனையடிக்கிற கொக்கியில் பட்டையைக் கட்டி அதில் உட்கார வேண்டும். ரெக்ஸ் முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்லுவான், நாலு பேர் கைதட்டுவார்கள். அப்புறம் பின் இருக்கையில் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். கீழே வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நேராக ரெக்ஸிடம்தான் போவார்.

அவர் வந்ததும் சொன்னேன்.

"மடல் தொங்குது லேன்ஸ். நான் பாத்தேன்."

"உனக்கு யாரு அதத் தொடச் சொன்னது?"

"உங்கண்ணன்."

"அந்தக் கெழவனுக்கு 'அ' எழுதத் தெரியாது. அவன் பேச்சக் கேட்டுட்டு ஸ்பானரத் தூக்கினியா?"

"எழுதத் தெரியாதவருக்கு என் உயிர் தெரியுது. ஒங்களுக்கு என் வெயிட்டுதான் தெரியுது."

முகம் வெளுத்துப்போயிற்று. கோபத்தினால் என்று நினைத்தேன்.

இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே வெல்லப்பாகு புட்டிங் செய்து, கிண்ணம் முழுக்க, அவர் எதிரே உட்கார்ந்து தின்றேன். தலைசுற்றல் போய்விட்டது. பிறகு கொட்டகைக்குப் போய், வேகமானிக் கண்ணாடியில் இருந்த கோட்டை நகப்பூச்சு எடுக்கிற தண்ணீரால் துடைத்துவிட்டேன். அது என் நகப்பூச்சு. திருப்பி எடுத்துக்கொண்டேன்.

அவர் பின் இருக்கையில் கோழித்தீவன மூட்டை ஒன்றை வைத்துப் பெல்ட் கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பறக்கப்போகிறாராம். "இது புட்டிங் திங்காது" என்று ரெக்ஸிடம் சொன்னது எனக்குக் கேட்டது. என்னால் முடிந்ததெல்லாம் சொன்னேன், அத்தான். கேட்கவில்லை.

நோலீன்


பிண்டல்பா
19 ஆகஸ்ட் 1996

அண்ணனுக்கு,

நலமறிய ஆவல். லேன்ஸ் சொல்ல நோலீன் எழுதுவது. எனக்கு இரண்டு மணிக்கட்டும் முறிந்து, தோள்வரை மாவுக்கட்டு. இப்போது உனக்கும் எனக்கும் வித்தியாசமில்லை, இருவருக்கும் எழுத ஒரு பெண் வேண்டியிருக்கிறது.

(சோறு ஊட்டவும் வேண்டியிருக்கிறது. அதை எழுதச் சொல்லவில்லை. — நோ.)

சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. பழைய கோட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் போனேன். கிறுகிறுப்பு திடீரென்று அடியாக மாறியது. கைப்பிடி என் கையைப் பிய்த்துக்கொண்டு இரண்டு தொடையிலும் மாறி மாறி அறைந்தது. வலது இறக்கை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகமாக அடித்துக்கொண்டது. மோட்டாரை அடைத்து மூக்கைத் தூக்கினேன். பாதி மடல் பிய்ந்து பறந்தது, அதற்கப்புறம்தான் அடங்கியது. சோளத் தட்டை வயலில் இறக்கினேன். சக்கரம் புதைந்து தலைகீழாகப் புரண்டது. என் திறமையால்தான் தப்பினேன்.

(திறமை என்ற சொல்லை நான் எழுதியது அவர் கத்தியதால். — நோ.)

வண்டி சரிசெய்துவிடலாம். இந்தத் தடவை நீல நிறம். ரெக்ஸ் சொல்கிறான்,

(ரெக்ஸ் சொன்னதை எழுத எனக்கு விருப்பமில்லை. பேனா என்னிடம் இருக்கிறது. அவருக்குக் கையில்லை. இனி நான் எழுதுவது.

அத்தான், நான் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். முன் இருக்கைக்கு மேலே இரும்பு வளைவு இருந்ததால் அவர் தலை தப்பியது. பின் இருக்கையின் கூரை இருக்கைத் தட்டுவரை அமுங்கியிருந்தது. நடுவில் ஒரு கை நுழையவும் இடமில்லை. தீவன மூட்டை பிளந்து, பெல்ட் கட்டியபடியே வெறும் பை கிடந்தது. இளஞ்சிவப்புக் கலாப் பறவைகள், அந்தக் கிளிகள், கூட்டமாக வந்து தானியத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. நான் நிற்பதைப் பார்த்தும் நகரவில்லை. ஓரமாகப் போய் வாந்தியெடுத்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "காப்பீட்டுக்காரன் பாக்கறதுக்குள்ள அந்தக் கோழித்தீவனத்தப் பெருக்கிடு" என்றார்.

தராசைக் கிணற்றில் போட்டுவிட்டேன். — நோலீன்)


வாரக்கூண்டா
28 ஆகஸ்ட் 1996

லேன்ஸுக்கும் நோலீனுக்கும்,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறீர்கள். இதற்குமேல் நான் நலம் விசாரிக்க ஒன்றுமில்லை. எனக்கும் நலத்துக்குக் குறைவில்லை.

நோலீன் எழுதிய இடத்தை ஹில்டாம்மாவால் முழுக்க வாசிக்க முடியவில்லை. நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். எனக்கு அந்தக் கலாப் பறவைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்றைக்கு அந்த முதலாளி, இன்றைக்கு இவை. எப்போதும் யாராவது வந்து தின்கிறார்கள்.

லேன்ஸ், நீ என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீ சொல்ல வேண்டியது நோலீனிடம். வாயால் உனக்கு வராது என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் என் ஆட்டுக்குட்டியை மிதித்துக் கொன்றபோதும் வேலிக்கம்பியைத்தான் திட்டினாய். அதனால் இந்தத் தாளின் கீழ்ப்பாதியை ஹில்டாம்மாவிடம் வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். கட்டுப் பிரித்ததும் நீயே, உன் கையால், அதில் எழுது. எழுத்து கோணலாக வந்தால் பரவாயில்லை. எழுதி எனக்கு அனுப்பு, எழுதியதாக எனக்குத் தெரிய வேண்டும்.

மெர்வ்


(அதே தாளின் கீழ்ப்பாதி. கோணல் எழுத்தில்.)

12 அக்டோபர்

அண்ணே,

நலம்தானே? இடது கை மாவுக்கட்டை முந்தாநாள் பிரித்தார்கள். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

நாம் தள்ளிய அத்தியாயம் இது. உனக்கு வாசித்துக் காட்டாதது. பார்த்து எழுதுகிறேன்.

"பட்டியோ பூச்சோ பூசினால், அசையும் மடல்கள் ஒவ்வொன்றையும் கழற்றி மறுபடி நிறை பார்க்க வேண்டும். பார்த்துச் சரிசெய்யாமல் பறக்கக்கூடாது."

எங்கே இருக்கிறது என்று உன்னைக் கேட்டேன். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில், பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தபோது இதை வாசித்தேன். கழற்றினால் ரெக்ஸ் பூசியதையெல்லாம் சுரண்ட வேண்டும். அடுத்த வாரம் வைத்திருந்த கிளப் திருவிழாவுக்குள் ஆகாது. புத்தகத்தை மூடினேன். அதற்கப்புறம்தான் அவளைத் தராசில் ஏற்றினேன்.

நோலீன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லேன்ஸ்

(அத்தான், தபால்தலை நான்தான் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை ரயிலில் டூவூம்பாவில் இருக்கிற என் அக்காவிடம் போகிறேன். மற்றக் கையின் கட்டுப் பிரியும்வரை இவருக்கு ரெக்ஸ் சோறு ஊட்டட்டும். நீங்கள் பத்திரமாக இருங்கள். — நோலீன்)


வாரக்கூண்டா
21 அக்டோபர் 1996

லேன்ஸ்,

ஹில்டாம்மா வழக்கப்படி உன் சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்கினாள். அடித்துவிடச் சொன்னேன். மேலே அடித்த இடம் தெரிகிறது பார்.

உன் தாளை அவள் வாசித்தாள். முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன், துப்புவதற்கு. வாய் காய்ந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நீ அவசரக்காரன் என்று நினைத்தேன். ரெக்ஸ் பேச்சைக் கேட்கிற முட்டாள் என்று நினைத்தேன். இத்தனை கடிதமும் ஒரு முட்டாளுக்கு என்று நினைத்துத்தான் போட்டேன். அந்த அத்தியாயத்தைப் படித்தவன் ஒருவனுக்குப் போட்டேன் என்று தெரியாது.

நோலீனின் அக்கா வீட்டு முகவரியை ஹில்டாம்மா டூவூம்பா தபால் ஆபீஸில் கேட்டு வாங்குவாள். இனி எங்கள் கடிதம் அங்கே போகும்.

அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரியாதது ஓர் அத்தியாயம் இருந்தது. இப்போது முழுப் புத்தகமும் தெரியும்.

"இன்னொரு தடவ வாசிக்கட்டுமா மெர்வ்?" என்று ஹில்டாம்மா கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றேன். "ஒரு தடவ கேட்டா என் மண்டைய விட்டுப் போறதில்ல."

(குறி போட மாட்டேன் என்றார். — ஹி.)